கப்பலுக்கு ஒரு முதலாளி, படத்துக்கு ஒரு முதலாளி

(வடசென்னையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ராயபுரத்தில் மேடை போட்டுச் சினிமாத் தொழிலாளியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். அது கோடம்பாக்கத்துக் கதை, வடபழனிக் கதை. துறைமுகத்துக்கும் எண்ணூர் ஆலைகளுக்கும் அதில் என்ன வேலை? இருக்கிறது. சினிமாவில் தீராத நோய் என்று இன்று கைவிடப்பட்ட ஒன்றுக்கு, இந்தக் கடற்கரையில் எழுபது வருடத்துக்கு முன்பே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

முதலில் நோய்.

தண்டையார்பேட்டையில் குடியிருக்கும் ஒரு லைட்மேனின் நாளை எடுத்துக்கொள்வோம். படப்பிடிப்பு பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம். முதல் ஷாட் காலை ஏழு மணிக்கு என்றால் யூனிட் வண்டி நாலரைக்கே கிளம்பிவிடும். விடிவதற்குள் ஸ்டாண்டுகளை இறக்கி, ஜெனரேட்டர் வண்டியிலிருந்து கேபிள் இழுத்து, விளக்குகளை உயரத்தில் ஏற்றியாக வேண்டும். ஏழு மணிக்கு எல்லாம் தயார். முதல் ஷாட் நடப்பதோ பத்தரைக்கு. வசனம் மாறியிருக்கும், சட்டையின் நிறம் சுவரோடு ஒட்டாமல் போயிருக்கும், நடிகர் வேறொரு படத்தில் விடிய விடிய நடித்துவிட்டு அப்போதுதான் வந்து இறங்கியிருப்பார். மாலை ஆறு மணிக்கு "இன்னும் ஒரே ஒரு ஷாட்" என்கிறார்கள். அந்த ஒரு ஷாட் ஒன்பதரைக்கு முடிகிறது. "பேக்கப்" என்ற குரல் கேட்டதும் மற்றவர்கள் கார் ஏறுகிறார்கள். லைட்மேனுக்கு அன்றைய கடைசி வேலை அப்போதுதான் தொடங்குகிறது. சூடு ஆறாத விளக்குகளை இறக்க வேண்டும். இருட்டில் மண்ணில் கிடக்கும் கேபிளை வளையம் வளையமாகச் சுருட்ட வேண்டும். எண்ணிச் சரிபார்த்து வண்டியில் அடுக்க வேண்டும். வீட்டுக் கதவைத் தட்டும்போது மணி ஒன்று. மறுநாளும் நாலரைக்கு வண்டி.

அந்த நாளில் யாரும் கொடுமைக்காரர் இல்லை. வேலையும் அவ்வளவு நேரத்துக்கு உரிய வேலை இல்லை. காலையில் வீணான மூன்றரை மணி நேரத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. அதை இரவில் தன் உடம்பால் கட்டியவர் லைட்மேன். சினிமாவில் மிகையுழைப்பு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இப்படித்தான் உண்டாகிறது. ஒருவர் போடாத திட்டத்துக்கு இன்னொருவர் விலை கொடுக்கிறார்.

அந்த விலை சில நாள் உயிராகவும் இருந்திருக்கிறது. 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லியை அடுத்த ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் 'இந்தியன் 2' படத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்தபோது விளக்குகளைத் தாங்கியிருந்த கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் உதவி இயக்குநர். 2024 ஜூலையில் 'சர்தார் 2' படப்பிடிப்பில் சண்டைக் கலைஞர் ஒருவர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் 'வேட்டுவம்' படத்துக்காகக் காரைத் தாவவிட்ட காட்சியில் இன்னொரு சண்டைக் கலைஞர். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் தனித்தனி. எல்லாவற்றையும் தூக்கமின்மையின் கணக்கில் எழுதுவது சரியாகாது. ஆனால் ஆயிரம் பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி இருந்தே ஆக வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் வழியே விதி வந்தது. கிரேனும் நெருப்பும் பறக்கும் காரும் புழங்கும் படப்பிடிப்புத் தளத்தில் அப்படி ஒருவரைக் காண்பது அரிது.

வெளிநாட்டுக்காரர்களும் இதில் நம்மவர்களே. 1997இல் ஹாலிவுட்டில் உதவி ஒளிப்பதிவாளர் ஒருவர் பத்தொன்பது மணி நேரம் வேலை செய்துவிட்டு வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியில் கண்ணயர்ந்து விபத்தில் இறந்தார். அதனால் கொதித்துப்போன ஒளிப்பதிவாளர் ஹாஸ்கெல் வெக்ஸ்லர், சினிமாத் தொழிலாளரின் தூக்கத்தைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். 2021இல் அங்குள்ள தொழில்நுட்பக் கலைஞர் சங்கத்தில் வாக்களித்தவர்களில் 98 சதவீதத்தினர் வேலைநிறுத்தத்துக்குச் சம்மதம் சொன்ன பிறகுதான், ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவே பத்து மணி நேர ஓய்வு என்பது அங்கே உறுதியானது. உலகத்திலேயே பணக்காரச் சினிமாவில் ஒரு மனிதன் தூங்கி எழுவதற்கு இவ்வளவு போராட வேண்டியிருந்தது.

ஏன் இப்படி என்று கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "கலைக்கு ஏது சார் நேரம் காலம்? இது என்ன ஆபீஸ் வேலையா?" படத்துக்குப் படம் கதை வேறு, ஊர் வேறு, ஆள் வேறு. மழை வந்தால் நிற்கும், நடிகருக்குக் காய்ச்சல் வந்தால் நிற்கும். இதற்கெல்லாம் சங்கு ஊதி ஷிஃப்ட் போட முடியாது என்பார்கள். துறைமுகத்தைப் பார்க்காதவருக்கு அது நியாயமாகத்தான் தோன்றும்.

கப்பலும் அப்படித்தான் வரும். ஒன்றில் நிலக்கரி, ஒன்றில் கோதுமை, ஒன்றில் இயந்திரம். புயல் சின்னம் உருவானால் வராது; வந்து நின்றாலும் மழையில் மூட்டையை இறக்க முடியாது. கப்பலுக்கு ஒரு ஸ்டீவடோர், அதாவது சரக்கை ஏற்றி இறக்கும் பொறுப்பை எடுத்தவர். அந்தக் கப்பலுக்கு அவர்தான் முதலாளி. வேலை நாலு நாளோ பத்து நாளோ. முடிந்துவிட்டால் அவர் யாரோ, தொழிலாளி யாரோ. பழைய காலத்தில் விடியற்காலையிலேயே கூலிக்காரர் கூட்டம் காத்து நிற்கும். மேஸ்திரி கை காட்டியவனுக்கு அன்றைக்குச் சோறு. அவருக்கு வேண்டியவனுக்கு முதல் இடம், அவரைக் 'கவனித்தவனுக்கு' அடுத்த இடம், மிச்சப் பேர் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். எடுக்கப்பட்டவனோ கப்பல் கிளம்பும் வரை முதுகு நிமிர்த்த முடியாது. தாமதமானால் நாள் கணக்கில் பணம் ஏறுமே! பம்பாயிலும் கல்கத்தாவிலும் இதே நிலைமை. லண்டனிலும் லிவர்பூலிலும்கூட இதே நிலைமை.

இதைத் துறைமுகத்தின் தலையெழுத்து என்று விட்டுவிடவில்லை. 1948இல் மத்திய அரசு டாக் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1950களில் மெட்ராஸ் டாக் லேபர் போர்டு இயங்கத் தொடங்கியது. அது செய்த காரியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய பேச்சின் உயிர் அதில்தான் இருக்கிறது. தொழிலாளர்கள் போர்டில் பதிவு பெற்றார்கள். ஸ்டீவடோர்களும் பதிவு பெற்றாக வேண்டும். கப்பல் வந்ததும் ஸ்டீவடோர் தனக்கு இத்தனை கேங்க், அதாவது இத்தனை தொழிலாளர் குழு, வேண்டும் என்று போர்டிடம் கேட்பார். போர்டு முறை வைத்து ஆள் அனுப்பும். மேஸ்திரியின் கை அதோடு கீழே இறங்கிவிட்டது. ஸ்டீவடோர் கூலியைக் கட்டுவார்; கூலிக்கு மேல் ஒரு விழுக்காட்டைத் தீர்வையாகவும் போர்டுக்குக் கட்டுவார். அந்தப் பணத்திலிருந்து விடுமுறைச் சம்பளம், வைப்புநிதி. கப்பலே வராத நாளிலும் தொழிலாளி ஆஜரானால் வருகைப்படி.

நூறு முதலாளிகள் மாறி மாறி வரட்டும். தொழிலாளிக்கு நிலையான ஒரே இடம் போர்டு. வேலையின் தன்மையை அது மாற்றவில்லை. கப்பல் அப்போதும் தாமதமாகத்தான் வந்தது, மழை அப்போதும் பெய்தது. அந்தத் தாமதத்துக்கான பணம் யார் பையிலிருந்து போகிறது என்பதை மட்டும் மாற்றியது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டையில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் கல்லூரி வாசல் மிதித்தது அதற்குப் பிறகுதான்.

போர்டு குறையே இல்லாததாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. பதிவு கிடைக்காத கூலிகள் கடைசிவரை வெளியே நின்றார்கள். 1983இல் சென்னையில் கண்டெய்னர் முனையம் வந்த பிறகு ஆயிரம் முதுகுகள் செய்த வேலையைச் சில கிரேன்கள் செய்தன. பின்னாளில் போர்டும் துறைமுக நிர்வாகத்தோடு கலந்துவிட்டது. இன்றைக்கு எண்ணூரில் ஒப்பந்தக் கூலிகள் படும் பாடு தனியாகப் பேச வேண்டியது. ஆனாலும் ஒரு கேள்விக்கு அந்தப் போர்டு விடை சொல்லிவிட்டது. நாளுக்கு நாள் மாறும் வேலை, வேலைக்கு வேலை மாறும் முதலாளி என்ற நிலையிலும் தொழிலாளியைக் கௌரவமாக நடத்த முடியும். கலைக்கு நேரம் காலம் இல்லை என்ற வாதம் ராயபுரத்தில் எடுபடாது.

சினிமாவும் பிறந்ததிலிருந்தே இப்படி இல்லை. எஸ்.எஸ். வாசனின் ஜெமினி, சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ், மெய்யப்பச் செட்டியாரின் ஏ.வி.எம். எல்லாம் மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்த இடங்கள். முதலாளி சொன்னதே சட்டம் என்பதும் அங்கே உண்டு. அதைப் பொற்காலம் என்று கொண்டாட வேண்டாம். ஆனால் அங்கே ஒரு கணக்கு இருந்தது. தளம் சும்மா கிடந்தாலும் முதல் தேதி சம்பளம் கொடுத்தாக வேண்டும். வீணாகும் ஒவ்வொரு நாளும் முதலாளியின் பணம். ஆகவே திட்டமிடுவதில் அவருக்கு அக்கறை இருந்தது. ஜெமினியில் வேலை பார்த்த அசோகமித்திரன், படத்தயாரிப்பு அலுவலகத்து மனிதர்களை வைத்துக் 'கரைந்த நிழல்கள்' எழுதினார். சினிமா மினுங்குவதற்காகத் தேய்ந்துபோன நிர்வாகிகளையும் சிப்பந்திகளையும் பற்றி அதற்கு இணையாகத் தமிழில் எழுதப்பட்டது குறைவு.

ஸ்டூடியோக்களின் காலம் தளர்ந்து, தளம் வாடகைக்கு, கேமரா வாடகைக்கு, மனிதரும் நாள் வாடகைக்கு என்று ஆன பிறகு, படம் என்பது ஒரு கப்பலாகிவிட்டது. பூஜை போட்டுத் தொடங்கும் நிறுவனம் படம் வெளியானதும் கலைந்துவிடுகிறது. அடுத்த படத்துக்கு வேறு தயாரிப்பாளர், வேறு குழு. இதில்தான் மோசமான நிர்வாகத்தின் வேர் இருக்கிறது. எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ ஒரு ஆலையில் லைன் இருபது நிமிடம் நின்றால் ஷிஃப்ட் நோட்டில் எழுதுகிறார்கள். மறுநாள் காலை யாராவது பதில் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் அதே இடத்தில் லைன் நின்றால் மேலாளருக்குத் தலைவலி. சினிமாவில் நாற்பது நாளில் முடிக்க நினைத்த படம் தொண்ணூறு நாள் இழுத்தாலும், எங்கே இழுத்தது என்று எழுதிவைப்பதற்கும் ஆள் இல்லை, படிப்பதற்கும் ஆள் இல்லை. குழுவே கலைந்துவிட்டதே. ஒவ்வொரு படமும் முதல் படத்தின் தவறிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது.

அடுத்தது, நிர்வாகம் செய்பவர் யார் என்ற கேள்வி. நூறு பேரின் நாளைத் தீர்மானிப்பவர் இயக்குநர். அவர் அந்த இடத்துக்கு வந்தது கதை சொல்லும் திறமையால். அது சரியான காரணம்தான். ஆனால் நூறு பேரின் நேரத்தைப் பங்கிடுவது வேறொரு கலை. அதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உதவி இயக்குநராக ஏழெட்டு வருடம் தூங்காமல், சில இடங்களில் சம்பளமும் இல்லாமல் ஓடியதுதான் அவர் பெற்ற பயிற்சி. தான் பட்டதைத் தொழிலின் இலக்கணம் என்று நம்பிவிடுகிறார். 'நாங்க படாத கஷ்டமா' என்ற ஒரு வாக்கியத்தில் ஒரு தலைமுறையின் துன்பம் அடுத்த தலைமுறைக்குச் சீதனமாகப் போகிறது. தயாரிப்பு நிர்வாகியின் திறமைக்கு இங்கே வழங்கும் பெயர் 'சமாளிப்பது'. எல்லாரும் அவரைப் புகழ்வது பிரச்சினையைச் சமாளித்த அன்றைக்குத்தான். பிரச்சினையே வராமல் திட்டம் போட்டவரின் வேலை யார் கண்ணிலும் படுவதில்லை.

இவற்றுக்கு மேலே வட்டி உட்கார்ந்திருக்கிறது. கடன் வாங்கி எடுத்த படத்துக்குப் பொங்கலோ தீபாவளியோ தேதி குறித்தாகிவிட்டது. முன்னால் தாமதமான நாட்களையெல்லாம் கடைசி இரண்டு மாதத்தில் ஈடுகட்ட வேண்டும். அந்தப் பாரம் படத்தொகுப்பு, ஒலி, கிராஃபிக்ஸ் அறைகளில் வந்து இறங்குகிறது. ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம். மூன்று வினாடி ஷாட்டில் நாயகியின் தலைமுடியைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும் என்றால், 72 ஃபிரேமிலும் காற்றில் பறக்கும் முடியோரத்தை ஓர் இளைஞர் கையால் வரைந்துகொண்டே போக வேண்டும். விடியற்காலை அந்த ஷாட் முடியும். பத்து மணிக்கு "அந்த சீனே வேண்டாம்னு தூக்கிட்டாங்க" என்று செய்தி வரும். அவர் கேட்பது பணம்கூட அல்ல. நேற்று மாலையே சொல்லியிருக்கலாமே என்பதுதான்.

இதன் பெரிய வடிவத்தை உலகமே பார்த்தது. புதுச்சேரியில் படமாக்கப்பட்ட காட்சிகளும் கொண்ட 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்துக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அந்த நிறுவனம் திவாலானது. அதே மாதம் 24ஆம் தேதி அந்தப் புலிக்கு ஆஸ்கர் கிடைத்தது. மேடையில் அதன் கலைஞர் நிறுவனத்தின் நெருக்கடியைச் சொல்லத் தொடங்கியபோது இசையை எழுப்பிப் பேச்சை நிறுத்தினார்கள். வெளியே நூற்றுக்கணக்கான கிராஃபிக்ஸ் கலைஞர்கள் ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்தார்கள். அந்தத் தொழிலில் விலையை முதலிலேயே மொத்தமாகப் பேசி முடித்துவிடுவார்கள்; பிறகு எத்தனை முறை மாற்றச் சொன்னாலும் செலவு செய்துகொடுப்பவர் தலையில். மாற்றிச் சொல்பவருக்கு அதில் ஒரு காசு நஷ்டம் இல்லை. நஷ்டம் இல்லாத பழக்கத்தை யார் விடுவார்கள்?

தொழிலாளி ஏன் பொறுத்துக்கொள்கிறார் என்று கேட்பவர்கள் வளசரவாக்கத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உள்ளே ஒருவர் இருந்தால் வெளியே நூறு பேர் நிற்கிறார்கள். எல்லாரும் பணத்துக்காக மட்டும் வந்தவர்கள் அல்ல. சினிமா மீதுள்ள பித்துதான் பாதிச் சம்பளம். அந்தப் பித்து மதிக்கத்தக்கது. அது இல்லாமல் நல்ல படம் ஒன்றுகூட வராது. அதைக் கூலியில் கழித்துக்கொள்வதுதான் அநியாயம்.

சங்கம் இல்லையா என்றால், இருக்கிறது. மெட்ராஸில் சினிமாத் தொழிலாளர் சங்கங்களை வளர்த்தவர்கள் சாமானியர்கள் அல்ல. வங்கத்திலிருந்து வந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனும் தங்கள் கலைக்குச் சமமாகச் சங்கத்துக்கு உழைத்தவர்கள். கால்ஷீட் என்பது எட்டு மணி நேரம், தாண்டினால் கூடுதல் பேட்டா என்ற கணக்கு சங்கங்கள் கொடுத்த கொடை. இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்களின் கூட்டமைப்பான ஃபெஃப்சி இல்லாவிட்டால் இன்றைக்கு நிலைமை இன்னும் மோசம். ஆனால் கூடுதல் பேட்டா என்பதே ஒரு பொறியாகிவிட்டது. அது அநியாய நேரத்துக்கு அபராதம் என்பது மறந்து, குடும்பம் நடத்தும் வருமானமாகிவிட்டது. சங்க உறுப்பினர் கார்டு எடுப்பதற்கு ஆகும் செலவு ஏழைப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்துகிறது. பெண்கள் ஒப்பனைக் கலைஞராகவே கூடாது என்று மும்பையில் ஒரு சங்கம் தடுத்து, 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அந்தக் கதவு திறந்தது. சங்கத்தை நேசிப்பவர்கள்தான் இதைச் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும்.

சட்டமும் உண்டு. சினிமாத் தொழிலாளியிடம் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும் என்று 1981லேயே மத்திய அரசு சட்டம் இயற்றியது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, டிஜிட்டல் தொடர்களில் வேலை செய்பவர்களையும் அந்த வட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் 2024 ஆகஸ்டில் வெளியான மலையாளச் சினிமாவைப் பற்றிய கேரளத்து நீதிபதி ஹேமா குழு அறிக்கையைப் படித்தவர்களுக்குத் தெரியும்: எழுத்து ஒப்பந்தம் இல்லை, படப்பிடிப்பில் பெண்களுக்குக் கழிப்பறைகூட இல்லை என்பதை ஓர் அரசுக் குழு உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. அதுவும் குழு அறிக்கை கொடுத்து நாலரை வருடம் கழித்துத்தான் வெளியே வந்தது.

இந்த மண்ணில் நேரத்தைக் கேட்டு நடந்த போராட்டத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தொழிலாளருக்காக முதலில் எழுப்பிய குறைகளில் ஒன்று, மதிய உணவுக்கு விடும் அரைமணி நேரம் போதவில்லை என்பது. கூடுதலாகப் பத்து நிமிடத்துக்காக அன்று வாதாடினார்கள். 1923இல் சிங்காரவேலர் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றினார். 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பில், மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. ஆலைத் தொழிலாளிக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் தமிழ்நாடு பொறுக்காது. சினிமாத் தொழிலாளிக்கு எந்த மசோதாவும் இல்லாமலே அது பல நாள் நடக்கிறது. பின்னி மில் என்று வழங்கிய அந்தப் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில், மூடப்பட்ட பிறகு பல வருடம் படப்பிடிப்புத் தளமாக இருந்தது. பத்து நிமிடத்துக்காகச் சங்கம் பிறந்த அதே சுவர்களுக்கு நடுவே, "ஒரே ஒரு ஷாட்" என்று நள்ளிரவில் குரல் கேட்டிருக்கிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பிரான்சில் நாடகம், சினிமாத் தொழிலாளர் பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்தால், வேலையில்லாத நாட்களுக்கு உதவித்தொகை பெறலாம். முதலாளிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, பொதுநிதியால் அந்த இடைவெளியை நிரப்பும் ஏற்பாடு. நம் டாக் லேபர் போர்டின் வருகைப்படியும் இதே சிந்தனைதான். தமிழ்நாட்டில் திரைப்படத் துறையினருக்கு ஒரு நல வாரியம் இருக்கிறது. கல்யாணத்துக்கு, படிப்புக்கு, சாவுக்கு உதவி செய்கிறது, நல்லது. ஆனால் வேலை நாளைத் தொடுவதற்கு, டாக் லேபர் போர்டுக்கு இருந்தது போன்ற அதிகாரம் அதற்கு வேண்டும். கேமரா ஓடுவதற்கு முன்பே தயாரிப்பாளர் அந்த வாரியத்தில் பதிவு செய்து தீர்வை கட்ட வேண்டும்; ஆள் வாரியம் வழியாகப் போக வேண்டும்; காத்திருந்த நேரம் தனியாகக் கணக்கில் ஏறித் தயாரிப்பாளருக்குப் பில்லாகப் போக வேண்டும்; வீடு திரும்பிய மனிதனைப் பத்து மணி நேரத்துக்கு யாரும் கூப்பிடக் கூடாது. காலையில் வீணாகும் மூன்றரை மணி நேரத்துக்கு விலை என்று ஒன்று எழுதப்பட்டால், அது வீணாகாமல் பார்த்துக்கொள்ள மறுநாளே ஆள் போடுவார்கள்.

இந்த அரங்கில் துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலோ உங்கள் அப்பாவின் டிரங்குப் பெட்டியிலோ டாக் லேபர் போர்டின் பழைய பதிவு அட்டையோ சம்பளச் சீட்டோ கிடந்தால் எடுத்து வையுங்கள். சினிமாவில் லைட் பிடிக்கவும் எடிட்டிங் அறையில் கண் விழிக்கவும் போயிருக்கும் உங்கள் பேரப்பிள்ளைகளிடம் அதைக் காட்டி, கப்பல் வராத நாளிலும் உங்களுக்குக் கூலி எப்படி வந்தது என்று சொல்லிக்கொடுங்கள். அவர்களுக்கு அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.